கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், ரொறன்ரோவில் வாழும் மகளிடம் போவதற்கு எடுத்த விமானச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். திங்கட்கிழமை அதிகாலை 2.55க்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் புறப்பாடு, டுபாயில் விமான மாற்றம், அதே திங்கட்கிழமை பிற்பகல் 3.00 மணிக்கு ரொறன்ரோ என்று அதில் இருந்தது. "பன்னிரண்டு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்திடுவேனோ தம்பி?" என்று கேட்டார். திரும்பி வரும் பக்கத்தைப் புரட்டினால், திங்கள் இரவு 9.00 மணிக்கு ரொறன்ரோவில் ஏறுபவர் புதன் அதிகாலை 3.30க்குத்தான் கட்டுநாயக்கவில் இறங்குகிறார். போகப் பன்னிரண்டு, வர முப்பதரை. ஒரே வழியில் போய் ஒரே வழியில் வருபவருக்கு இப்படி ஒரு வித்தியாசம் எப்படி வரும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு குறைவு என்பதால், இந்தக் கேள்விக்கு ஒருமுறை பொறுமையாக விடை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சீட்டில் மூன்று வெவ்வேறு அளவுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் பூமியின் மேல் உள்ள தூரம் ஒன்று. அந்தத் தூரத்தைக் கடக்க உண்மையில் செலவாகும் நேரம் இன்னொன்று. இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு மூன்றாவது. முதலாவது மாறாதது. இரண்டாவது காற்றையும் வழியையும் காத்திருப்பையும் பொறுத்து மாறும். மூன்றாவது பயணத்தோடு சம்பந்தமே இல்லாதது, ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான்.

தூரத்தில் இருந்து தொடங்கலாம். திருகோணமலையில் பிறந்தவருக்குத் தூரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மூதூருக்கு லோஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்தால் பதின்மூன்று கிலோமீற்றர் அளவுதான். சீனக்குடா, கிண்ணியா என்று வீதியால் சுற்றிப் போனால் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று கணினிகள் தருவது லோஞ்சித் தூரத்தைப் போன்றது: எந்த வளைவும் தடையும் இல்லாமல், பூமியின் மேற்பரப்பை ஒட்டி மிகக் குறுகிய வழியில் போனால் எவ்வளவு என்பது.

அந்த மிகக் குறுகிய வழி சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நேர்கோடாகத் தெரிவதில்லை. இதை நம்புவதற்குப் பலர் தயங்குகிறார்கள். அவர்களிடம் நான் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையையும் ஒரு துண்டு நூலையும்தான் எடுக்கச் சொல்வது. நூலின் ஒரு முனையை இலங்கையில் வைத்து, மறு முனையை ரொறன்ரோவில் வைத்து, தளர்வு இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தட்டையான படத்தில் கோடு கீறினால் அது அரபிக்கடல், செங்கடல், சஹாரா பாலைவனம், அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கு நோக்கிப் போகும். உருண்டையில் இழுத்த நூலோ இலங்கையிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கியே கிளம்புகிறது. மேற்கு இந்தியா, பாகிஸ்தான், கஸகஸ்தான், ருசியா, பின்லாந்தின் வட முனை என்று ஏறி, நோர்வேக்கு அப்பாலுள்ள கடலில் வட அகலக்கோடு 72 பாகை வரை உயர்ந்து, அங்கிருந்து கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்து, கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு இறங்குகிறது. படத்துக் கோட்டின்படி நடந்தால் 16,000 கிலோமீற்றருக்கும் சற்று அதிகம்; நூல் காட்டும் வழியில் ஏறத்தாழ 14,000. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டு அகன்றுவிடுவதால் படம் நம் கண்ணை ஏமாற்றுகிறது.

நூல் சுட்டும் இந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் விளிம்பில் வரும் வட்டமே பெருவட்டம். பூமத்திய ரேகை அப்படி ஒன்று. எந்த இரண்டு ஊர்களையும் இணைத்து இப்படி ஒரு வட்டம் கீறலாம், அந்த வட்டத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் உள்ள சிறிய வில்தான் குறுகிய வழி.

தூரத்தைக் கணக்கிடும் முறையும் இதிலிருந்தே வருகிறது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர், ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் அளவு வரும். இரண்டு ஊர்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொண்டு, பூமியின் மையத்தில் அவை அமைக்கும் கோணத்தைத் திரிகோண கணிதத்தால் கண்டுபிடித்து, அதை 111.2 ஆல் பெருக்கினால் முடிந்தது. கட்டுநாயக்க வடக்கு 7.2 பாகை, கிழக்கு 79.9 பாகையில் இருக்கிறது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.7, மேற்கு 79.6. இவை இரண்டும் மையத்தில் அமைக்கும் கோணம் 126 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து வருவதே 14,000 கிலோமீற்றர். லண்டன் ஹீத்ரோவுக்கு அந்தக் கோணம் 78 பாகையைச் சற்றுத் தாண்டும், தூரம் 8,700 கிலோமீற்றர் சொச்சம். 180 பாகைக்கு மேல் கோணம் இருக்க முடியாது என்பதால், பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் 20,000 கிலோமீற்றருக்கு மேல் தூரம் இல்லை என்பதும் இதிலேயே தெளிவாகிறது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஓர் இடத்தில் 13,990 என்றும் இன்னோர் இடத்தில் 14,010 என்றும் காட்டக்கூடும். அதை ஒரு முரண்பாடாக எடுக்க வேண்டியதில்லை.

துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு வழியும் இலகுவாகப் புரியும். கடல் மைல் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 1.852 கிலோமீற்றர். கப்பலோட்டிகளிடமிருந்து விமானிகள் எடுத்துக்கொண்ட அளவு இது. 126 பாகையை 60 ஆல் பெருக்கினால் 7,560 கடல் மைல். விமானி தன் ஏட்டில் எழுதும் எண் இதற்கு மிக அருகில்தான் இருக்கும்.

அக்கா டுபாய் வழியாகப் போகிறாரே, அது பெரிய சுற்று அல்லவா? இல்லை என்பதுதான் எனக்கு இந்த விடயத்திலேயே மிகப் பிடித்த செய்தி. கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு 3,290 கிலோமீற்றர், டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 11,080, கூட்டினால் 14,370. நேர் வழியை விட 370 கிலோமீற்றர் மட்டுமே கூடுதல். லண்டன் வழியாகப் போனாலும் 14,420 அளவில்தான் வருகிறது. தட்டையான படத்தில் டுபாய் ஒரு பக்கம், லண்டன் ஒரு பக்கம், பின்லாந்தின் வடமுனை இன்னொரு பக்கம் என்று தோன்றும் மூன்று வழிகளும் ஏறக்குறைய ஒரே நீளம் கொண்டவை. பூமியின் நேர் எதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரே தூரம்தான். ரொறன்ரோ நமக்கு நேர் எதிர்ப் பக்கம் அல்ல என்றாலும், அதை நோக்கிக் கணிசமான அளவு போய்விட்ட இடம். அதனால் நூலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் நீளம் அதிகம் கூடுவதில்லை. இடைத்தங்கல் பயணத்தை நீட்டுவது தூரத்தால் அல்ல, தரையில் உட்கார்ந்திருக்கும் மணித்தியாலங்களால்.

கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு இடைநிற்காத விமானம் இன்று இல்லை. 14,000 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கும் விமானங்கள் இருக்கின்றன. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் 15,300 கிலோமீற்றரை 18 மணித்தியாலத்துக்கும் மேலாகப் பறக்கும் சேவை நடக்கிறது. ஆனால் அத்தகைய விமானத்தை நாளாந்தம் நிரப்பும் அளவுக்குப் பயணிகள் வேண்டும், கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் காற்றைக் கிழித்துப் போகும். ஆனால் ஓடுபாதையை நோக்கி மெதுவாக ஊர்வது, ஏறுவது, இறங்குவது, இறங்க அனுமதி கிடைக்கும் வரை வட்டமிடுவது எல்லாம் இந்த வேகத்தில் நடப்பதில்லை. விமான நிறுவனம் சீட்டில் அச்சிடும் நேரம், சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்திருக்கும் தடைக்கட்டைகளை எடுத்து விமானம் அசையும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரம். வீட்டில் கைக்கணக்காகப் பார்ப்பதற்கு நான் பின்பற்றும் முறை: தூரத்தை 850 ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டுவது. டுபாய்க்கு இந்தக் கணக்கில் நான்கு மணித்தியாலமும் 22 நிமிடமும் வருகிறது, அக்காவின் சீட்டில் நான்கரை. லண்டனுக்குப் பத்தே முக்கால் வரும்; மேற்கு நோக்கிய பயணம் என்பதால் உண்மையில் பதினொன்றைத் தொடும்.

இந்த வேகம் எவ்வளவு புதியது என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா என்னும் கடல் விமானங்களை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து நம் நாட்டின் தென்கரையில் உள்ள கொக்கலை வாவி வரை, வானொலியை மூடிவைத்துக்கொண்டு, இடையில் எங்கும் இறங்காமல் ஓட்டியது. 5,650 கிலோமீற்றர் தூரத்துக்கு 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. ஒரே பயணத்தில் பயணிகள் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். இன்றைய ஜெட்டுக்கு அதே தூரம் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இராததற்குக் காரணம் காற்று. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையிலிருந்து கடலுக்குப் போகும் வள்ளம் காற்றோடு போகும், கரைக்குத் திரும்பும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் திணறும். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ எந்தக் கடற்றொழிலாளியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். வானத்திலும் அதே கதைதான். வட அரைக்கோளத்தின் நடு அகலக்கோடுகளுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான ஜெட் காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அது சில வேளை மணிக்கு 300 கிலோமீற்றரையும் தாண்டும்.

லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் 5,700 கிலோமீற்றர். காற்றே இல்லாவிட்டால் 900 வேகத்தில் ஆறு மணித்தியாலமும் 20 நிமிடமும். 150 கிலோமீற்றர் வேக எதிர்க்காற்றில் தரைக்கு மேலான வேகம் 750 ஆகக் குறைந்து, ஏழு மணித்தியாலமும் 36 நிமிடமும் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 1,050, நேரம் ஐந்து மணித்தியாலமும் 26 நிமிடமும். எதிர்க்காற்றில் 76 நிமிடத்தை இழக்கிறோம், துணைக்காற்றில் 54 நிமிடத்தைத்தான் மீட்கிறோம். மெதுவாகப் போகும்போது அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்க வேண்டியிருப்பதால் நட்டம் இலாபத்தை விடப் பெரிதாகிவிடுகிறது. அக்காவின் சீட்டில் டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலமும், திரும்பி வர 12 மணித்தியாலம் 45 நிமிடமும் இருப்பது இந்தக் காற்றின் வேலை.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வந்துவிடும் என்று சிலர் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. கொழும்பு போகும் இரவு ரெயிலின் நடைபாதையில் முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும், ஏனெனில் நடப்பவரும் ரெயிலோடு சேர்ந்தே போய்க்கொண்டிருக்கிறார். காற்றுமண்டலமும் அதற்குள் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

குறுகிய வழி எப்போதும் திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாட்டின் வான்பரப்பைக் கடக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு ருசியா தன் வானத்தை மூடியது. பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனத்துக்கு ஒன்பதரை மணித்தியாலமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணித்தியாலம் அளவுக்கு நீண்டது. வட துருவத்தையொட்டிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. போரில் வீதி மூடப்பட்டால் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்த நம்மவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சியிருப்பது கடிகாரம். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்வதால் 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் ஊர்களின் நேரம் வேறுபடுகிறது. கட்டுநாயக்கவுக்கும் ரொறன்ரோவுக்கும் நெடுங்கோட்டில் 159.5 பாகை இடைவெளி. 15 ஆல் வகுத்தால் பத்தரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும். குளிர்காலத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு சரியாகப் பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ரொறன்ரோவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைப்பதால் அப்போது ஒன்பதரை. கடிகாரம் மனிதர் வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும்: 1996இல் இலங்கை நேரம் முன்னே தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது, இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே நடந்தது.

அக்காவுக்கு நான் சொன்ன வழி, சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் திருகோணமலை நேரத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்வது. சீட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். டுபாயில் இறங்குவது காலை 5.55, நமக்கு ஒன்றரை மணித்தியாலம் கூட்ட வேண்டும், 7.25. புறப்பட்ட 2.55ஐக் கழித்தால் நான்கரை மணித்தியாலம். டுபாயில் மீண்டும் ஏறுவது 9.00, நமக்கு 10.30, அங்கே காத்திருப்பு மூன்று மணித்தியாலமும் ஐந்து நிமிடமும். ரொறன்ரோவில் இறங்கும் பிற்பகல் 3.00 மணிக்கு, செப்டெம்பர்ப் பயணம் என்பதால், ஒன்பதரையைக் கூட்டினால் இங்கே செவ்வாய் அதிகாலை 12.30. மொத்தம் 21 மணித்தியாலம் 35 நிமிடம். திரும்பி வருவதையும் இப்படியே மாற்றினால், திங்கள் இரவு 9.00 என்பது நமக்குச் செவ்வாய் காலை 6.30, அங்கிருந்து புதன் அதிகாலை 3.30 வரை 21 மணித்தியாலம். பன்னிரண்டும் இல்லை, முப்பதும் இல்லை. இதில் ஒரு சின்ன அழகு உண்டு: சீட்டில் தெரிந்த 12.05ஐயும் 30.30ஐயும் கூட்டினால் 42.35, உண்மையான 21.35ஐயும் 21.00ஐயும் கூட்டினாலும் 42.35. போகும்போது கடிகாரம் மறைத்துவைத்த ஒன்பதரை மணித்தியாலத்தை வரும்போது அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது.

திருகோணமலையில் இருந்து புறப்படுபவர் இன்னும் ஒரு தொகையைக் கூட்ட வேண்டும். சீனக்குடாவில் விமானப்படையின் ஓடுபாதை இருந்தாலும், கனடாவுக்கோ லண்டனுக்கோ போக கட்டுநாயக்கவுக்குத்தான் போயாக வேண்டும். வீதியால் 250 கிலோமீற்றர் அளவு. வானில் இருந்து பார்த்தால் 210தான். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதால், 2.55 விமானத்துக்கு அக்கா ஞாயிறு மாலை ஆறு மணிக்கே வான் வண்டியில் ஏறாவிட்டால் மனம் நிம்மதிப்படாது. முழுப் பயணத் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத அந்த ஹபரணை, குருநாகல் வீதிக்கு ஆறு மணித்தியாலம் போகிறது. அதே ஆறு மணித்தியாலத்தில் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து டுபாயைத் தாண்டி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் போயிருக்கும். ரொறன்ரோவில் குடிவரவும் பயணப்பொதிகளும் முடிந்து மகளின் வீட்டுக்குள் கால் வைக்க மாலை ஐந்து மணியாகும் என்று வைத்தால், உப்புவெளி வாசலிலிருந்து அந்த வாசல் வரை 32 மணித்தியாலமும் 30 நிமிடமும். மருந்து எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் கணக்கில் வைக்க வேண்டியது இந்த எண்ணைத்தான். விமானத்துக்குள் இருக்கும் பதினெட்டரையை மட்டும் பார்த்து மாத்திரை எண்ணி எடுத்துப் போகக்கூடாது.

அக்கா போவது செப்டெம்பரில். இதே விமானங்களில் இதே பறக்கும் நேரங்களோடு ஜனவரியில் ஒருவர் போனால், அவருடைய சீட்டில் ரொறன்ரோவில் இறங்கும் நேரம் பிற்பகல் 2.00 என்று இருக்கும். அவர் ஒரு நிமிடமும் முந்திப் போகவில்லை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அழைத்துப் போக வரும் பிள்ளை பழைய கணக்கை நினைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்துவிடாதபடி, இங்கிருந்தே ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.